டீக்கடைக்கு ரெண்டு சாவி

"பொய் எழுதலாமாங்க்கா?"

காலையில ஆபீசுக்கு வந்ததும் வராததுமா நாச்சிமுத்து கேட்டது இதான்.

பூங்கொடியக்கா கடலை உரிச்சுட்டு இருந்துது. நிமிந்து பாக்கல.

"கேட்டுட்டா எழுதுவாங்க, கண்ணு?"

இது கோயமுத்தூர்ல ஒரு மாடியில, கார் ரேஸ் கேம் பண்ற சின்ன ஆபீசு. கேம்ல ஓடற வண்டிக்கெல்லாம் எஞ்சினு, கியரு, வீலு எப்படி நடந்துக்கணும்னு எழுதறவன் நாச்சிமுத்து. நெஜ வண்டி எப்படியோ அப்படியே வரணும் அவனுக்கு. ஒரு போல்ட்டு கொறஞ்சாலும் அன்னைக்குச் சோறு எறங்காது.

பூங்கொடியக்கா முன்னாடி ரேலி ரேஸ் வண்டியில பக்கத்து சீட்டுல உக்காந்து வழி சொன்ன ஆளு. இப்ப கேம ஓட்டிப் பாத்து, நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்றது வேலை. அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. ஆபீசுல அக்காவுக்குப் பேரு சாமியாரம்மா. மூஞ்சிக்கு நேரா யாரும் கூப்புடறதில்ல.

நாச்சிமுத்து பக்கத்துல ஸ்டூலப் போட்டுட்டு உக்காந்து பொலம்புனான்.

கேம்ல எந்த வண்டிக்கும் ஃபோர் வீல் கிட்டு மாட்டிக்கலாம். மாட்டுனா நாலு சக்கரமும் சேந்து இழுக்கும். கொடி அசைஞ்சதும் பிச்சுக்கும். விளையாடிப் பாக்க வந்த பசங்க அத்தன பேரும் அதையே மாட்டிட்டாங்க. மொழங்கால மடக்கி உக்கார்ற குட்டி வண்டிக்குக் கூட. பின் வீலு மட்டும் தள்ளற வண்டியெல்லாம் பொண்ணு அமையாத மாப்பிள்ளையாட்டம் ஓரமா நின்னுச்சு.

கிட்டு மாட்டுனா எடை கூடும்ல, அத எழுதுனியான்னு அக்கா கேட்டுது.

எழுதிட்டேங்க்கா, அப்பவும் அதான் ஜெயிக்குதுன்னான்.

முதலாளி சம்பந்தம் சார் மூக்கால பேசுவாரு. "பேலன்ஸ்ஸு வேணும்ப்பா, பேலன்ஸ்ஸு"ன்னு காலையிலருந்து ஒரே பாட்டு. ஒரே வண்டியே எப்பவும் ஜெயிக்கக் கூடாதாம். தராசுக் கடைக்கு வந்த மாதிரி. கிட்டு மாட்டுனா வண்டி வேகம் தானா கொறையற மாதிரி எழுதுன்னு சொல்லிட்டாரு. எதனால கொறையுதுங்கன்னு நாச்சிமுத்து கேட்டிருக்கான். எதனாலயோ கொறையட்டும்னுட்டாரு.

சாயங்காலத்துக்குள்ள எழுதலீன்னா வண்டி வேலை வேற ஆளுக்கு. நாச்சிமுத்து கேம் ஸ்கிரீன்ல வர்ற பட்டனுக்குக் கலர் அடிக்கப் போயிரணும்.

"என் கையால அந்தப் பொய்ய எழுத மாட்டேங்க்கா. எழுதலீன்னா என் வண்டியெல்லாம் போயிருங்க்கா."

அக்கா தொலியெல்லாம் கூட்டிக் குப்பையில போட்டுது.

"டீ சாப்புடலாமா?"

மேசை மேல ரெண்டு சாவி வச்சுது. ஒண்ணு ஆபீசு ஜீப்பு. நெஜமான ஃபோர் வீலு, கேமுக்கு எஞ்சின் சத்தம் ரெக்கார்டு பண்ண வாங்குனது. இன்னொண்ணு அக்காவோட மொபெட்டு. அதுவும் பின் வீலு தள்ளறதுதான், என்ன, ஒண்ணே ஒண்ணு.

"யாரு முன்ன போறதுன்னு பாக்கலாம். நீ எடு மொதல்ல."

நாச்சிமுத்து ஜீப்பு சாவிய எடுத்தான். பாவம்க்கா நீங்கன்னு ஒரு பார்வை வேற.

டீக்கடை, காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால. நேராப் போனா ஒரு சந்து. மொபெட்டு சந்துக்குள்ள பூந்து காணாமப் போயிருச்சு. ஜீப்பு சந்து வாசல்ல மூச்சு வாங்கிட்டு நின்னுது. முட்டைக்கோஸ் விக்கற அம்மா ஜீப்பப் பாத்துது. இவனப் பாத்துது.

"ஏப்பா, என் கூடைக்குள்ளயா நிறுத்தப் போற?"

ரிவர்ஸ் எடுத்தான். பெரிய ரோடு, சிக்னலு, முன்னாடி ஒரு தண்ணி லாரி. ஊரச் சுத்திட்டு வந்து சேந்தப்ப அக்கா டீயக் குடிச்சு முடிச்சிருந்துது. இவன் டீயில ஆடை படிஞ்சு கெடந்துது.

"சந்துல ஜீப்பு போகுமாங்க்கா?"

"போகாது."

"அப்ப இது போட்டியே இல்லீங்க."

"உன் ஜீப்பு வேகத்த யாராச்சும் கொறச்சாங்களா, கண்ணு?"

நாச்சிமுத்து ஆடைய ஒதுக்கிட்டு டீயக் குடிச்சான். குடிச்சு முடிச்சதும் கைய நீட்டுனான். திரும்பறப்ப மொபெட்டு எனக்குத்தான்னான்.

அக்கா ஜீப்பு சாவிய வாங்கிட்டு மொபெட்டு சாவியக் குடுத்துது. ஹெல்மெட்டையும் குடுத்துது. அது அவன் தலையில பாதிதான் எறங்குச்சு.

சந்துக்குள்ள நொழையறான், மழை புடிச்சுக்கிச்சு.

தூறலெல்லாம் இல்ல. கொடத்தக் கவுத்த மாதிரி. சந்துல தண்ணி மொழங்கால் வரைக்கும் ஏறிருச்சு. தக்காளி ஒண்ணு இவன ஓவர்டேக் பண்ணிட்டு மெதந்து போச்சு. மொபெட்டு ரெண்டு தடவ இருமிட்டுப் படுத்துக்குச்சு. எறங்கித் தள்ளுனான். முட்டைக்கோஸ் அம்மா தார்ப்பாய்க்கு அடியிலருந்து தலைய நீட்டுச்சு.

"ஜீப்ப எங்கப்பா? வித்துப்போட்டியா?"

இவன் தள்ளிட்டே வந்தான்.

ஆபீசுல அக்கா மறுபடியும் கடலை உரிச்சுட்டு இருந்துது. சேலையில ஒரு சொட்டு ஈரமில்ல. பெரிய ரோட்டுப் பாலத்தடியில தண்ணி நின்னுதாம். எல்லா வண்டியும் கரையிலயே நின்னுச்சாம். ஜீப்பு மட்டும் எருமையாட்டம் எறங்கி ஏறி வந்துருச்சாம்.

நாச்சிமுத்து சட்டையப் புழிஞ்சான். தோள்ல ஒரு கொத்தமல்லித் தழை ஒட்டிட்டு இருந்துது. அத எடுத்துக் கையில வச்சு ரொம்ப நேரம் பாத்துட்டே நின்னான்.

அப்பறம் சொவத்துல இருந்த பெரிய டிவியப் பாத்தான். அவுங்க கேம் ஓடிட்டு இருந்துது. அதுல இருக்கற ரோடெல்லாம் சம்பந்தம் சார் ஆசைப்பட்டுப் போடச் சொன்னது. ஏர்போர்ட்டு மாதிரி அகலம். கண்ணாடி மாதிரி வழவழப்பு. காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் வெயிலு.

"அக்கா"ன்னான்.

அக்கா ஒரு கடலைய நீட்டுச்சு.

அந்நேரத்துக்குத்தான் சம்பந்தம் சார் உள்ள வந்தாரு. நாச்சிமுத்து கால்ல நிக்கற தண்ணியப் பாத்து ஒதுங்கி நின்னாரு.

"என்னப்பா, ஃபோர் வீலக் கொறச்சாச்சா? பேலன்ஸ்ஸு வந்துருச்சா?"

நாச்சிமுத்து மேசையிலருந்து ரெண்டு சாவியையும் எடுத்தான். ரெண்டு கையிலயும் ஒவ்வொண்ணா வச்சு அவரு முன்னாடி நீட்டுனான்.

"ஒண்ணு எடுங்க சார். டீக்கடை வரைக்கும் நமக்குள்ள ஒரு போட்டி."

சம்பந்தம் சார் ஜீப்பு சாவி மேல கைய வச்சாரு. மார்க்கெட்டு சந்து ஞாபகத்துக்கு வந்துது. கைய எடுத்து மொபெட்டு சாவி மேல வச்சாரு. சன்னலுக்கு வெளிய மழை கொட்டிட்டு இருந்துது. அந்தக் கையையும் எடுத்துட்டாரு.

"எந்த வழியாப்பா போகணும்?"

மூக்கால பேசல. மெதுவாத்தான் கேட்டாரு.

நாச்சிமுத்து ஈரச் சட்டையோடயே கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தான்.

வண்டி ஃபைலத் தொடல. ரோடு ஃபைலத் தொறந்தான்.