சிங்காசனத்தில் அமர்ந்த படம்

ஒரு ராஜ்யம் இருந்தது. எப்போது என்றால் முன்னொரு காலத்தில் என்பேன், எங்கே என்றால் கடலுக்குப் பக்கத்தில் என்பேன். அதற்கு மேல் என்னைக் குடையாதீர்கள். அந்த ராஜாவுக்கு ஒரு விசித்திரமான ஆசை. வருஷா வருஷம் தன் பிறந்தநாளுக்குத் தன் முகத்தைப் புதிதாகப் படம் எழுதிப் பார்க்க வேண்டும்.

அதற்காகவே பிரெஞ்சு தேசத்திலிருந்து ஒரு சித்திரக்காரன் வந்திருந்தான். சொந்த ஊரில் அவன் பெயர் எப்படியோ நெளிந்து வளைந்து இருந்தது. நம் ஜனங்கள் வாயில் அது பஸ்தியான் ஆகிவிட்டது. சின்ன வயசில் வர்ணம் அரைத்துக் கொடுத்து வேலை பழகி, அந்த நாட்டு அரண்மனையில் பிரபுக்களையும் சீமாட்டிகளையும் எழுதிப் பேர் வாங்கியவன். மனைவி இறந்த துக்கத்தில், "இதோ போய்விட்டு வந்துவிடுகிறேன்" என்று ஆறு வயசு மகள் மதலேனைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் கப்பலேறினான். வந்தவன் வந்தவன்தான். இப்போது மகளுக்குக் கல்யாண வயசு.

ஒரு தடவை பார்த்த முகத்தை அவன் மறக்கமாட்டான். ஆனால் மகளை எழுத உட்கார்ந்தால் அந்த ஆறு வயசு முகம்தான் வரும். இப்போது எப்படி இருப்பாள்? அம்மா ஜாடையா, தன் ஜாடையா? தெரியாது. கோடு போடுவான், அழிப்பான், தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பான். ஊரில் உள்ளவர் முகத்தையெல்லாம் எழுதியவனுக்குப் பெற்ற பிள்ளையின் முகம் தெரியவில்லை. என்ன கொடுமை பாருங்கள்!

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது விண்ணப்பம் செய்தால் ராஜா வாய் திறக்கமாட்டார். மூன்று தடவை சொல்ல வேண்டும். முடியாது என்றால் ராஜா இடது கையைத் தூக்குவார். தூக்காவிட்டால் கட்டியக்காரன் "உத்தரவாயிற்று!" என்று கூவுவான். அதோடு காரியம் முடிந்தது. பஸ்தியானும் ஒவ்வொரு வருஷமும் படத்தை முடித்துவிட்டு, "ஊருக்குப் போக விடை கொடுங்கள்" என்று கேட்பான். முதல் தடவை சொல்லி முடிப்பதற்குள் ராஜாவின் இடது கை மேலே போய்விடும்.

ஒருநாள் படம் எழுதும்போது பஸ்தியான் கேட்டேவிட்டான். "மகாராஜா, தங்கள் முகத்தைத்தான் இத்தனை தடவை எழுதியாயிற்றே. இன்னும் ஏன் அடியேனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்?"

ராஜா சொன்னார்: "இந்த ராஜ்யத்தில் எல்லோரும் என் காலைத்தான் பார்க்கிறார்கள், பஸ்தியான். என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பவன் நீ ஒருத்தன். நீயும் போய்விட்டால் என்னை யார் பார்ப்பார்கள்?"

பஸ்தியானுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் ஏக்கம் அவனுக்கு.

இவனைக் கண்டால் ஆகாதவர் ஒருவர் இருந்தார். பிரதானி வல்லபராயர். எல்லோரும் நிற்கும் இடத்தில் இந்தச் சித்திரக்காரன் மட்டும் உட்கார்ந்துகொண்டு, "மகாராஜா, மோவாயைக் கொஞ்சம் தூக்குங்கள்" என்கிறானே என்று அவருக்கு வயிற்றெரிச்சல். போதாக்குறைக்கு, அவருடைய படத்தில் மூக்கின் மேலிருந்த மருவையும் எழுதிவிட்டான். "இதை ஏன் வைத்தீர்?" என்று குதித்தார் பிரதானி. "நான் வைக்கவில்லை ஐயா, ஏற்கெனவே இருந்தது" என்றான் இவன். சபை சிரித்தது. அன்றையிலிருந்து மனுஷருக்குத் தூக்கமில்லை.

ராஜாவைக் குளிர வைப்பதில் வல்லபராயரை மிஞ்ச ஆள் கிடையாது. ராஜா வேட்டைக்குப் போகும் நாட்களில் அவருடைய படத்தைச் சிங்காசனத்தில் வைத்து, அதன் முன்னால் சபை நடத்தியவர் அவர்தான். "படம் இருக்கும் இடத்தில் ஆளும் இருப்பதாகவே அர்த்தம். படம் வேறு, ஆள் வேறு என்பவன் ராஜத்துரோகி!" என்று ஊரெங்கும் தமுக்கடித்தார். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. அதிலிருந்து படத்துக்கும் கும்பிடு. படத்துக்கும் முதுகு காட்டக்கூடாது. பின்பக்கமாகவே நடந்துபோய்ப் படியில் உருண்ட பெரிய மனுஷர்களும் உண்டு.

இப்படி இருக்கையில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. வல்லபராயர் ராஜாவிடம் ஓடினார். "மகாராஜா, காட்டில் பன்றி பெருத்துவிட்டது. தாங்கள் வேட்டைக்கு எழுந்தருள வேண்டும். ஆனால் ஒன்று, தாங்கள் இல்லாத சமயத்தில் சித்திரக்காரன் ஓடிவிடுவான். விடை பெறாமல் போனால் வலது கைக் கட்டைவிரலை வெட்டுவதென்று ஆணையிட்டுவிட்டால் பயந்து கிடப்பான்." ராஜாவும் அப்படியே ஆணையிட்டுவிட்டுப் போனார். பஸ்தியான் பயந்து கிடப்பான் என்று பிரதானி நினைக்கவே இல்லை. கப்பலைப் பார்த்தால் ஓடத்தான் ஓடுவான், விரல் போனால் தூரிகையும் போகும் என்பது அவர் கணக்கு.

பஸ்தியான் பாய்மரத்தைப் பார்த்தான். கால் தானாகக் கடற்கரைக்குக் கிளம்பியது. கட்டைவிரல் ஆணை நினைவுக்கு வந்ததும் சட்டென்று நின்றான். "அட, இதுதானா சங்கதி!" என்று சொல்லிக்கொண்டு நேரே சபைக்குப் போனான்.

சிங்காசனத்தில் படம். பக்கத்தில் வல்லபராயர். பஸ்தியான் படத்தின் முன் கைகூப்பினான்.

"மகாராஜா! அடியேன் ஊருக்குப் போக வேண்டும். என் மகளைப் பார்க்க வேண்டும். விடை கொடுங்கள்."

மூன்று தடவை சொன்னான். மூன்றாம் தடவை குரல் உடைந்துவிட்டது. அது நடிப்பு இல்லை. படத்தின் இடது கை மடியிலேயே இருந்தது. கட்டியக்காரன் பழக்க தோஷத்தில், "உத்தரவாயிற்று!" என்று கூவிவிட்டான். வல்லபராயர் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. படத்திடம் விடை கேட்கிறது பைத்தியம், எப்படியும் விரல் போகப்போகிறது என்று மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

பஸ்தியான் படகில் ஒரு கால் வைத்ததும் சேவகர்கள் பிடித்துக்கொண்டார்கள். காட்டுக்கு ஆள் ஓடியது. ராஜா கண் சிவக்கத் திரும்பிவந்தார்.

"என்னிடம் சொல்லாமல் போகத் துணிந்தாயா?"

"சொல்லிவிட்டுத்தான் போனேன், மகாராஜா. நிறைந்த சபையில் மூன்று தடவை கேட்டேன். தாங்கள் கை தூக்கவில்லை. பிரதானியாரும் பார்த்துக்கொண்டிருந்தார்."

"பொய்! மகாராஜா எங்கே இருந்தார்? அங்கே இருந்தது வெறும்..." என்று ஆரம்பித்த வல்லபராயர் டக்கென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"வெறும் என்ன, பிரதானியாரே? சொல்லுங்கள்" என்றான் பஸ்தியான் பணிவாக. "படம் வேறு, மகாராஜா வேறு என்கிறீர்களா?"

வல்லபராயருக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவரே அடித்த தமுக்கு ஆயிற்றே! "இல்லை... மகாராஜாதான்... மகாராஜாவேதான் இருந்தார்" என்று திணறினார்.

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை நழுவியது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கி முகம் வாடிவிட்டது. "ஜெயித்துவிட்டாய், பஸ்தியான். போ. ஆனால் நான் அன்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாமல் போகிறாயே" என்றார்.

"சொல்லாமல் போவேனா, மகாராஜா?" என்று தன் அறையிலிருந்து துணி மூடிய ஒரு படத்தை எடுத்துவரச் செய்தான். துணியை விலக்கினால் அதில் பஸ்தியான். தலை குனியாமல், பார்ப்பவர் கண்ணையே பார்த்துக்கொண்டு, முகமெல்லாம் மலர்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"படம் இருக்கும் இடத்தில் ஆளும் இருப்பதாகத்தானே இங்கே சட்டம்? அடியேன் எங்கும் போகவில்லை. தங்களை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு இங்கேயேதான் இருப்பேன்."

ராஜா கிட்டே போய்ப் பார்த்தார். "இத்தனை வருஷத்தில் நீ இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லையே?"

"நானும் பார்த்ததில்லை, மகாராஜா. மகள் கதவைத் திறக்கும்போது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து எழுதினேன்."

ராஜாவின் கண் கலங்கியது, ஆனாலும் சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி, "உன் மகளுக்கு" என்று அவன் கையில் வைத்தார். பட்டும் சந்தனமும் கொடுத்துக் கரை வரைக்கும் வந்து வழியனுப்பினார். திரும்பி வந்ததும் பஸ்தியானின் படத்தைக் காட்டி, "பிரதானியாரே, சித்திரக்காரர் உட்கார்ந்திருக்கிறார், கும்பிடவில்லையா?" என்றார். வல்லபராயர் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டார். தினமும் கும்பிட்டார்.

சபை கலைந்த பிறகு ராஜா தனியாக அந்தப் படத்தின் எதிரில் உட்காருவார். "என்ன பஸ்தியான், பார்த்துவிட்டாயா? உன் மகள் யார் ஜாடை?" என்பார்.

படம் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கும். அவரும் சிரித்துவிட்டு எழுந்து போவார். மறுநாளும் வந்து கேட்பார்.