அம்மைப்பால் ஏற்ற அங்காயி அம்மையார்

காவிரியின் தென்கரையில் வேம்பங்குடி மாரியம்மன் கோயிலில் பலிபீடத்தைக் கூட்டிப் பெருக்கி வந்தவர் அங்காயி அம்மையார். வேண்டுதல்காரர்கள் கொட்டிப்போகும் உப்பையும் மிளகையும் விடியுமுன் அள்ளி ஆற்றில் கரைப்பதே அவர் தொண்டு. உப்புப் பட்டு விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கும். எரியவில்லையா என்று கேட்டால், "எரியட்டுமே, ஆத்தா உப்புதான" என்பார். கூலி கிடையாது; பூசாரி முத்தையன் தரும் படையல் சோறுதான்.

கணவரை இழந்த அவருக்குப் பிள்ளைகள் மூவர். ஒரு பங்குனியில் வந்த பெரியம்மை ஆண்பிள்ளைகள் இருவரையும் கொண்டுபோயிற்று. தீட்டுக் கழிந்த மறுநாளே அம்மையார் துடைப்பத்தை எடுத்துவிட்டார். மிஞ்சியவள் கடைக்குட்டி தைலி.

சில வருடம் கழித்து அக்கரை ஊர்களில் மறுபடியும் வாசலுக்கு வாசல் வேப்பிலை செருகினார்கள். நோய் ஆற்றைத் தாண்டுமுன் சர்க்கார் ஆள் ஒருவர் மருந்துப் பெட்டியோடு மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். தலையாரி தமுக்கடித்தார்.

"அம்மை குத்துறாங்க! எல்லாரும் வாங்க, அம்மை குத்துறாங்க!"

அந்த ஒரு சொல்லில் ஊர் கதிகலங்கிப் போயிற்று. மாரியை அம்மை என்று கும்பிடுகிற ஊரில் அம்மையைக் குத்துகிறேன் என்றால் யார் வருவார்கள்? பிள்ளைகளை நெல்குதிருக்குள் ஒளித்தார்கள். "ஆத்தாளையே ஊசியால குத்துவானாமா? குத்திக்கிட்டவங்க இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார் பூசாரி.

அம்மையாருக்குக் கைகால் ஓடவில்லை. குத்தினால் தாய் கோபிப்பாள். குத்தாவிட்டால் தைலியும் போய்விடுவாளோ? சந்நிதியில் நின்று அழுதார். கை தானாகக் கன்னத்துத் தழும்பைத் தொட்டது. மூத்தவன் பிறக்க வேண்டிக்கொண்டு அலகு குத்திய தழும்பு அது.

"இந்தக் கன்னத்துல குத்துனப்ப நீ கோவிக்கலையே, ஆத்தா" என்றார்.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியடிக்குப் போனார். "அது என்ன மருந்துங்க, அய்யா?"

"அம்மைப்பால்" என்றார் மருந்துக்காரர்.

"பாலா?"

"ஆமாம்மா, அதுக்குப் பேரே அதுதான்."

"பாலுன்னா குடுங்க, சாமி. ஆத்தா பால வேண்டாம்னு சொல்ல நான் யாரு!"

தாயும் மகளும் கையை நீட்டினார்கள். குத்திய இடம் கொப்புளிக்கும், காய்ச்சல் வரும், பயப்படாதே என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போனார்.

பயப்படாமல் இருக்க முடியுமா? தைலிக்கு உடம்பு கொதித்தது. கையில் முத்து எழும்பியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "ஆத்தா கணக்குக் கேட்டுட்டா பாரு" என்றார்கள். பூசாரி துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டார். அம்மையார் வீட்டுத் துடைப்பத்தால் கோயிலுக்கு வெளியே தெருவைக் கூட்டினார். பொழுது விடிந்தால் மகள் உடம்பு முழுவதும் தடவிப் பார்ப்பார். கையைத் தவிர எங்கும் முத்து இல்லை. இன்று இல்லை, நாளைக்கு? சோறு இறங்கவில்லை அந்தத் தாய்க்கு.

நோய் ஆற்றைத் தாண்டியது. அடுத்த வீட்டுப் பையன் படுத்தான். பூசாரியின் பேரனும் படுத்தான். தைலியோ காய்ச்சல் தணிந்து, பொருக்கு உதிர்ந்து, தெருவில் ஓடினாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார் என்பார்கள். அதனால்தானோ என்னவோ, ஒரு வெள்ளிக்கிழமை மாரித்தாய் பூசாரியின் வாயிலேயே வந்து ஏறினாள். ஊரே கூடியிருக்க அவருக்கு அருள் வந்தது.

"எங்கடா என் உப்பள்ளுறவ? பீடம் பாழாக் கெடக்கு! என்னக் குத்துனாள்னாடா சொன்ன? எம் பாலக் குடிச்சாடா! குடிக்காத புள்ளைங்க அழுவுதுங்களே, வாங்கிக் குடுங்கடா!"

சாமி மலையேறிய பின், தாம் சொன்னதைப் பிறர் சொல்லக் கேட்டார் பூசாரி. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அம்மையார் குடிசைக்கு நடந்தார். "அங்காயி, ஆத்தா ஒன்னத் தேடுறா" என்று சொல்லித் துடைப்பத்தை அவர் கையில் கொடுத்தார்.

மருந்துக்காரரைத் திரும்ப அழைத்து வந்தார்கள். தலையாரி தமுக்கடித்தார். "அம்மைப்பால் குடுக்குறாங்க! ஆத்தா பால் குடுக்குறாங்க!"

குதிர்கள் திறந்தன. முதலில் கை நீட்டியவர் பூசாரி.

அன்று பீடத்து உப்பை அள்ளுகையில் அம்மையாருக்கு விரல் எரிந்தது, அழுதுகொண்டே சிரித்தார். அஞ்சி நடுங்கியும் தாயை நம்பிக் கை நீட்டிய அங்காயி அம்மையாரின் அடிகளை நம் தலைமேல் வைப்போம்.