பாதி ஆயுசுக் குழல்

மெர்லின் தன் துப்பாக்கியை முழுசாக வாங்கவில்லை. அதற்கு வசதியில்லை. துண்டு துண்டாகச் சேர்த்தாள்.

நாகர்கோவிலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தாள். கிளப்புத் துப்பாக்கியால் முந்நூறு மீட்டர் தூரத்து இலக்குத் தாளின் நடுவில் முதன்முதலாக ஓட்டை போட்ட அன்று, சொந்தமாக ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தாள்.

லைசென்ஸுக்கு அலைந்தாள். போட்டிகளை விட்டுவிட்ட ஒருவரிடம் பழைய துப்பாக்கி கிடைத்தது. கடற்காற்றில் அதன் குழல் துருப்பிடித்துக் கிடந்தது. பின்கட்டையை அவள் தோளுக்கு ஏற்றபடி துப்பாக்கிப் பட்டறையில் செதுக்கித் தந்தார்கள். குறிபார்க்கும் ஸ்கோப், இன்னொருவர் வேண்டாமென்று கழற்றிப் போட்டது. கன்னம் பதியும் இடத்தில் பழைய யோகா விரிப்பை வெட்டி அவளே ஒட்டினாள்.

கடைசியாகக் குழல். யாரோ ஒரு போட்டியாளர் மாற்றிவிட்டுப் போன குழலைப் பட்டறைக்காரர் எடுத்து வைத்திருந்தார். பொருத்திக் கொடுக்கும்போது சொன்னார்.

“நல்ல குழல்தான். ஆனா பாதி ஆயுசு போயாச்சு. ஒவ்வொரு குண்டும் உள்ள கொஞ்சம் தேச்சிட்டுத்தான் வெளிய போகும். மிச்சத்தைப் பாத்துச் செலவழிங்க.”

அந்தச் சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சுடுதளம் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே இருந்தது. பயிற்சியாளர் அசனார் அவளைவிட ஐந்து வயது இளையவர். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை மாஸ்டர் என்பாள்.

காற்றில்லாத காலைகளில் மெர்லின் ஐந்து குண்டு சுடுவாள். ஐந்தும் ஒரு நாணயத்துக்குள் அடங்கும். துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுவாள். காற்று எழும்பினால் பெட்டியைத் திறக்கவே மாட்டாள்.

“இன்னைக்கு வேண்டாம் மாஸ்டர். சுட்டா வீணாப் போவும்.”

அசனார் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார். அவள் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் சுடுவதைப் பார்த்துவிட்டுப் போவாள்.

வைகாசியில் அறிவிப்பு வந்தது. மாநில அணிக்கான தேர்வுப் போட்டி அதே சுடுதளத்தில், ஆடியில். முதல் நான்கு பேருக்கு இடம். ஆடி மாதம் அந்தக் கணவாயில் நிற்கிற ஆள் வேட்டியைப் பிடிப்பதா, தலைத்துண்டைப் பிடிப்பதா என்று தெரியாமல் நிற்பான்.

அன்று மாலை அசனார், காற்றின் போக்கைக் காட்ட நட்டிருந்த கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மெர்லின் அருகே போய் நின்றாள்.

“மாஸ்டர், ஆடிக் காத்துல சுடப் படிக்கணும். குழலும் தேயக் கூடாது. அதுக்கு என்ன வழி?”

அசனார் கடைசிக் கொடியையும் சுருட்டி முடித்தார்.

“அக்கா, எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நாளைக்குக் காலையில வரட்டா?”

தான் கேட்டது அவர் காதில் விழவில்லை போலும் என்று நினைத்தாள். வாருங்கள் என்றாள்.

மறுநாள் மைதானத்தில் அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தாள். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்று வரிசையாகக் காட்டினாள். அவர் கவனமாகக் கேட்டார். எஞ்சினைக் கிளப்பினார். இடது காலை மட்டும் தரையிலேயே வைத்திருந்தார்.

“கிளட்ச மிதிங்க மாஸ்டர்.”

“மிதிச்சு விட்டா அது தேயாதா?”

“தேயத்தான் செய்யும்.”

“புதுசா படிக்கியவன் மிதிச்சா?”

“இன்னும் கூடத் தேயும். அதை விடுங்க. மிதிங்க.”

“இல்லக்கா. எனக்கு அது தேயாம ஓட்டப் படிக்கணும்.”

மெர்லினுக்கு எரிச்சல் வந்தது. அடுத்து படிக்க வருகிறவர் ஏற்கெனவே வேப்ப மரத்தடியில் வந்து நின்றிருந்தார்.

“எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்தாச்சு மாஸ்டர். கிளட்ச் பிளேட்டு தேயாம ஒருத்தரும் கார் படிச்சதில்ல.”

சொல்லி முடித்ததும் அவள் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அசனார் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப மிதிக்கட்டா?” என்றார்.

“மிதிங்க.”

கார் ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. அன்று காலை முழுவதும் அவர் மோசமாகத்தான் ஓட்டினார். மெர்லின் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காற்று வீசியது. மெர்லின் பெட்டியைத் திறந்தாள். முதல் குண்டு தாளிலேயே படவில்லை. இரண்டாவது, தாளின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. பக்கத்துப் பாயில் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. மூன்றாவதைப் போட்டாள்.

தோட்டா வாங்கும் செலவுக்காக மாலையிலும் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். கிடைத்த நாளெல்லாம் சுடுதளத்துக்கு வந்தாள். பல்லிடுக்கில் மணல் நெறுநெறுக்கப் படுத்துக் கிடந்தாள். முதலில் கொடியைப் பார்த்துச் சுட்டாள். பிறகு, பக்கத்துக் கொடி ஒன்று சொல்லும்போது தூரத்துக் கொடி வேறொன்று சொல்வதைக் கண்டாள். கொடி அசைவதற்கு முன்பே புல் தலை சாய்வதைக் கண்டாள். காற்று இழுத்துப் பிடித்து, மூச்சு விடுவதுபோல் ஒரு கணம் தளரும். அந்தக் கணத்துக்காக விசையில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அது வராத நாட்களில், காற்று தள்ளப்போகும் தூரத்தைக் கணித்து, அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் தள்ளிக் குறிவைத்தாள். தப்பும். மறுபடி வைப்பாள்.

ஆனி முடிவதற்குள் இரண்டு விஷயங்கள் நடந்தன. காற்றில் அவள் குண்டுகள் தாளின் நடுவுக்கு வரத் தொடங்கின. காற்றில்லாத காலைகளில், முன்பு நாணயத்துக்குள் அடங்கிய ஓட்டைகள் வளையல் அகலத்துக்கு விரிந்தன. குழல் முடிந்துகொண்டிருந்தது. மெர்லின் அதை யாரிடமும் சொல்லவில்லை. அசனாரும் கேட்கவில்லை.

போட்டியன்று காற்று யாருக்கும் பணியவில்லை. விலையுயர்ந்த துப்பாக்கிகள் வைத்திருந்தவர்கள் காற்று அடங்கட்டும் என்று விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அது அடங்கவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. மெர்லின் ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டாள். கடைசிச் சுற்று தொடங்கும்போது அவள் மூன்றாம் இடத்தில் இருந்தாள்.

கடைசி மூன்று குண்டுகளும் விலகிப் போயின. ஒன்று மேலே, ஒன்று இடது பக்கம், ஒன்று கீழே.

அவள் ஐந்தாவதாக வந்தாள்.

மறுவாரம் பட்டறைக்காரர் குழலுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து தலையை ஆட்டினார்.

“முடிஞ்சுது. இனி இதுல ஒண்ணும் இல்ல.”

மெர்லின் பட்டறையிலிருந்து நேராகச் சுடுதளத்துக்கு வந்தாள். அசனார் தனியாக இருந்தார். காற்று தகரக் கூரையை அடித்துக்கொண்டிருந்தது. அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். உட்காரவில்லை.

“கடைசி மூணும் நான் தப்பா விடல மாஸ்டர்.”

“தெரியும்.”

“அடுத்த ஆடிக்கும் நான் வருவேன்.”

“வரணும்.”

“இன்னொரு குழலுக்குப் பணம் சேக்க ஒரு வருசம் ஆவும். கூடவும் ஆகலாம். அதுவரைக்கும் காத்துல எப்பிடிப் பழக?”

அசனார் எழுந்து உள்ளே போனார். இரும்பு அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. நீளமான ஒரு பெட்டியோடு திரும்பி வந்து, அதைத் திறந்தார். அது அவருடைய போட்டித் துப்பாக்கி. அகில இந்தியப் போட்டிகளுக்கு மட்டும் வெளியே எடுப்பார். அதை அவரே துடைத்து அவரே வைப்பார். வேறு யாரும் தொட்டு மெர்லின் பார்த்ததில்லை. புதிதாகப் போட்ட குழலில் இன்னும் பட்டறை மினுமினுப்பு போகவில்லை.

மெர்லின் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேண்டாம் மாஸ்டர். இது புதுக் குழல். உங்களுக்குப் போட்டி வருது.”

அசனார் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று அவளுக்குக் காட்டினார். குழல்வாய் இலக்கைப் பார்க்கும்படி பாயில் வைத்தார். பிறகு வெளியே புல்வெளியைப் பார்த்தார். புல் முழுவதும் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது.

“அதுவரைக்கும் இது தேயட்டும் அக்கா.”