ஞாயிறு தாண்டினால் போதும்

"இந்தச் சிப்புல படம் காட்டுற பாதிதானே போயிருக்கு? கணக்குப் போடுற பாதி நல்லாத்தானே இருக்கு? எதுக்கும்மா முழுசையும் தூக்கிப் போடணும்?"

கேட்டவர் அற்புதராஜ். பாதி வாழ்க்கை டிவி ரிப்பேர் பார்த்துவிட்டு, கேம் கன்சோல் ரிப்பேர் கற்றுக்கொள்ள சென்னை ரிச்சி தெருவில் நஸ்ரீனின் கடைக்கு வந்தவர். அவரைவிட நஸ்ரீன் எவ்வளவோ சின்னவள். இருந்தாலும் அவருக்கு அவள்தான் குரு.

"பழைய பெட்டியில ரெண்டும் தனித்தனி சிப்பு, அண்ணே. இதுல ரெண்டும் ஒண்ணு."

"ஒண்ணுன்னாலும் நடுவுல ஒரு கோடு இருக்கும்ல?"

நஸ்ரீன் குப்பை டப்பாவிலிருந்து அதே மாதிரி செத்த சிப் ஒன்றை எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தாள். "கோட்டைக் காட்டுங்க, வெட்டிடலாம்" என்று பிளேடை நீட்டினாள்.

அற்புதராஜ் குனிந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி வழவழவென்று ஒரே பரப்பு.

பிளேடைக் கீழே வைத்தார். மனிதருக்கு ஆத்திரம்.

கன்சோல் அவர் மகன் ஜெரினுடையது. பையன் அம்மாவோடு இருக்கிறான். கோர்ட் இவருக்குக் கொடுத்தது ஞாயிற்றுக்கிழமையை மட்டும். போன வாரம் வந்தவன் கன்சோலை இவர் வீட்டில் விட்டுப் போனான்; அங்கேதான் படம் வராமல் போனது.

"சூடு காட்டுனா எழுந்துக்கும்ல?"

"எழுந்துக்கும். ரெண்டு மூணு நாள் ஓடும். அப்புறம் போயிடும்."

"ஞாயித்துக்கிழமை தாண்டுனா போதும்."

"திங்கக்கிழமை?"

"அவங்க அம்மா வீட்ல இருக்கும். அங்கதான் போச்சுன்னு ஆகும். என் கையில நல்லாத்தான் இருந்துச்சுன்னு நான் சொல்லுவேன்."

சொல்லும்போது கூச்சமே இல்லை. அவ்வளவு கசப்பு ஊறிப் போயிருந்தது.

நஸ்ரீன் ஹீட் கன்னை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் சூடு காட்டினார். ஆறவிட்டார். மாட்டினார்.

டிவியில் வெளிச்சம் வந்தது. அற்புதராஜ் வாய்விட்டுச் சிரித்தார்.

யார் ஆடப் போகிறீர்கள் என்று திரை கேட்டது. கீழே மூன்று பெயர்கள்.

ஜெரின். அப்பா. அம்மா.

மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தபோது பையன் போட்டு வைத்தது. இத்தனை நாளாகியும் அவன் அழிக்கவில்லை.

அற்புதராஜ் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவரே ஸ்விட்சை அணைத்தார்.

"ஏன் அண்ணே? ஓடுதே?"

"என் கையிலதான் போச்சுன்னு சொல்லிடறேன்மா."

"எந்தப் பாதின்னு பையன் கேட்டா?"

அவர் லென்ஸுக்கு அடியில் கிடந்த சிப்பைப் பார்த்தார்.

"முழுசும்."