மணியோசை புகாத குடில்

காவிரிக் கரையில் நாணலூர் என்றொரு தலம். அங்கே ஈசனுக்கு வெட்டிவேர்த் தட்டி முடைந்து கொடுப்பதையே தொண்டாகக் கொண்டிருந்தார் சடையாண்டியார். விடியலில் ஆற்றில் மூழ்கி, வேரை அலசி, முடிச்சுக்கு ஒரு 'சிவசிவ' சொல்லி முடைவார். கோபுர வாசலுக்குள் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அவரும் கேட்டதில்லை.

அவ்வூரில் பூவாயி என்பவளுக்குச் செங்கமலம் என்று பதினான்கு வயதில் ஒரு மகள். தினமும் கோயில் படிவரை ஆசையாய் வருவாள். பெரிய மணி ஒலித்ததும் காதைப் பொத்தி அலறிக்கொண்டு ஓடுவாள். இன்று ஆட்டிசம் என்கிறோம். அன்று ஊருக்குத் தெரிந்தது பேய் ஒன்றுதான். பேயை ஓட்டச் சத்தம் வேண்டுமாம்! அவள் அலற அலற உடுக்கையை ஓங்கி அடித்தார்கள், பாவிகள்.

வேர்க்கட்டின் அருகே வந்தால் அவள் அடங்கி உட்காருவதைச் சடையாண்டியார் கண்டார். கோபுரத்துக்கு வெளியே நந்தவனத்து மூலையில் அவளுக்கென்று ஒரு குடில் எழுப்பினார். சத்தம் புகாதபடி முழ அகலத்தில் மண்சுவர். கூர்முனை இல்லாமல் கையாலேயே வழித்து மெழுகினார். தரையில் சலித்த ஆற்றுமணல், மேலே பனையோலை. கண் கூசாதிருக்க வாசலில் ஈர வெட்டிவேர்த் தட்டி. செங்கமலம் சுவரில் கன்னம் வைத்து மெல்ல முனகிக்கொண்டே பகலெல்லாம் அங்கிருந்தாள்.

"விளக்கில்ல, மணியில்ல. உள்ள என்னதான்யா பண்றான்?" என்று ஊர் காதைக் கடித்தது. பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்பவர்கள் ஆயிற்றே! சுவரில் காதை வைத்துக் கேட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் முற்றியது.

ஒரு காலை, பெரிய மணியின் இரும்பு நாக்கைக் காணோம். தர்மகர்த்தா தாண்டவராயர் கடப்பாரை ஆட்களோடு குடிலுக்கு வந்துவிட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு மணி ஆகாது. உன்னைத் தவிர யாருடா எடுப்பான்?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க சாமி. என்னைக் கட்டிவெச்சு அடிங்க. சொவத்துல மட்டும் கை வைக்காதீங்க. அந்தப் புள்ளைக்கு வேற எடமில்லீங்க."

"சொவத்துக்குள்ளதான் ஒளிச்சு வெச்சிருக்கான். இடிங்கடா!"

அந்நேரம் குருக்கள் கருவறைச் சாவி கேட்டு வந்தார். முந்தின இரவு தாமே பூட்டி இடுப்பில் முடிந்திருந்த சாவியைத் தாண்டவராயர் எடுத்து நீட்டினார். போன குருக்கள் போன வேகத்திலேயே கூவினார். "ஐயா, ஓடி வாங்கோ! நாக்கு இங்கே சுவாமி காலடியிலே இருக்கு!"

தாண்டவராயர் ஓடினார். பூட்டைப் புரட்டிப் பார்த்தார். குருக்களையே முறைத்தார். "நீர் கொண்டாந்து வெச்சீரா?"

உள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. "எடுத்தது நாமே, தாண்டவராயா. அவள் நம்மைக் காணத்தான் படிவரை வருகிறாள். நீ மணியடித்து விரட்டுகிறாய். நாம் இன்னும் எத்தனை நாள் காத்திருப்பது?"

தாண்டவராயர் தாமே போய்ச் சடையாண்டியாரைக் கும்பிட்டு அழைத்தார். அவர் தோளில் வேர்க்கட்டைச் சுமந்து முன்னே நடக்க, அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு செங்கமலம் பின்னே வந்தாள். கருவறைப் படியின் குளிர்ந்த கல்லில் கன்னத்தை வைத்து மெல்ல முனகினாள். அன்றைய காலைப் பூசைக்கு அதுவே மணியோசை.

ஈசனே எதிர்பார்த்துக் காத்திருந்த பெண்ணுக்கு இடம் செய்து கொடுத்த சடையாண்டியாரின் மண் படிந்த கைகளை வணங்குவோம்.