அடுக்களையில் வார்த்த மணி

திருமேனிராயர் சபையில் புத்திசாலி என்று பெயர் வாங்கியிருந்த குப்பாண்டி நான்தான். அந்தப் பெயர் என்றைக்குக் கப்பலேறுமோ என்று பயந்துகொண்டேதான் தினமும் சபைக்குப் போவேன்.

அன்று மகாராஜா கொதித்துப் போயிருந்தார்.

"கோயில் மணி விரிசல் விட்டுவிட்டது. அண்டை நாட்டிடம் கேட்டால், 'ஒரு மணி வார்க்கக்கூட உங்களிடம் ஆளில்லையா?' என்று அந்த ராஜா சிரிப்பான். நாளை மத்தியானம் நான் இலையில் உட்காரும்போது, நம் நாட்டில் வார்த்த மணி என் முன்னால் இருக்க வேண்டும். உன் பொறுப்பு, குப்பாண்டி!"

கன்னார் தெருவுக்கு ஓடினேன். வார்ப்பு வேலையில் கைதேர்ந்த சிற்றம்பலம் ஆசாரி, உலைக்குக் காற்று ஊதும் துருத்தியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பின்னால் இன்னும் பதினொரு குடும்பத்து வண்டிகள்.

"எங்கே கிளம்பிட்டீங்க, ஆசாரியாரே?"

"அண்டை நாட்டுக்குத்தான் ஐயா. ஆறு மாசமா உலை மூட்டலை. பிள்ளைகுட்டிக்குச் சோறு வேணுமே."

"மூட்டினா என்ன?"

"புகை அதிகாரி விடமாட்டேங்கிறார். புகையைப் பார்க்காம அனுமதி இல்லையாம். அனுமதி இல்லாமப் புகை வந்தா பட்டறையைப் பூட்டிடுவாராம்."

"எந்த மடையன் போட்ட சட்டம் அது?"

ஆசாரி தரையைப் பார்த்தார். "நீங்க எழுதினதுதான் ஐயா."

ஆமாம். போன வருஷம் பட்டறைப் புகையில் மகாராணி இரண்டு முறை தும்மினார். அன்றைக்கே அவசர அவசரமாக எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பொன்னாடை வேறு போர்த்தினார்கள்! எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஒரு நாள் பொறுங்க" என்று ஆசாரியிடம் கெஞ்சிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சட்டத்தை எழுத்தெண்ணிப் படித்தேன். எழுதும்போதே அப்படிப் படித்திருக்கலாம். கடைசியில், மகாராஜாவின் சாப்பாடு நின்றுவிடப் போகிறதே என்று பயந்து ஒரு வரி சேர்த்திருந்தேன்: 'அரண்மனை அடுப்புக்கு அனுமதி வேண்டாம். மகாராஜா கேட்டது எதுவாயினும் அதில் தயார் செய்யலாம்.'

மறுநாள் மத்தியானம் மகாராஜா பசியோடு உட்கார்ந்தார். இலையில் உப்பு மட்டும் இருந்தது. நான் ஒரு மூடிய தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். திறந்தார். உள்ளே ஒரு சாண் உயரத்தில் வெண்கல மணி. சூடு இன்னும் ஆறவில்லை.

"சோறு எங்கே?"

"சமைக்கவில்லை, மகாராஜா. அடுக்களையில் காலையிலிருந்து ஆசாரி மணி வார்த்தார்."

"அடுக்களையிலா!"

"நாட்டிலேயே அனுமதி இல்லாமல் உலோகம் உருக்க உரிமை உள்ள அடுப்பு அது ஒன்றுதான். நாளைக்குக் கலப்பைக் கொழு, மறுநாள் கதவுத் தாழ்ப்பாள் என்று எல்லாவற்றையும் அங்கேயே செய்துவிடலாம். சோறு மட்டும் அண்டை நாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும்."

மகாராஜா பசியை மறந்து சிரித்தார். "அந்தச் சட்டத்தைக் கிழியுங்கள்! உயரமாகப் புகைபோக்கி கட்டிவிட்டு உலை மூட்டட்டும். அதிகாரி அப்புறம் போய்ப் பார்க்கட்டும். அது சரி, அதை எழுதியது யார்?"

"அடியேன்தான்" என்றேன்.

"வழி கண்டுபிடித்த குப்பாண்டிக்கு இன்னொரு பொன்னாடை. சட்டம் எழுதிய குப்பாண்டிக்கு, இரண்டையும் போர்த்திக்கொண்டு ஆசாரியின் உலையில் துருத்தியை அழுத்தும் வேலை!"

பன்னிரண்டு வண்டிகளிலிருந்தும் சாமான்கள் இறங்கின. புகைபோக்கி எழும்பியது. முதல் உலைக்கு இரண்டு பொன்னாடைகளோடு போய் உட்கார்ந்தேன். வேர்த்துக் கொட்டியது.

ஆசாரி அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்தார்.

"நல்லா அழுத்துங்க ஐயா. புகையே காணோமே!"