பதினேழாவது கட்டம்

ஒரே ஒரு கட்டம். அதை நிரப்புவதா, காலியாக விடுவதா என்பதுதான் புதிர். கேட்கச் சின்ன விஷயம்தான். சிக்கியவர்களுக்குத்தான் தெரியும் அதன் பாடு.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை பார்க்கும் செண்பகத்துக்கு ஒரே மகள் கோமதி. தமிழ் வழியில் படித்து, பிளஸ் டூவில் அறுநூறுக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று வாங்கியவள். ஆனால் நுழைவுத் தேர்வில் முந்நூறுக்கு அறுபத்தொன்று. அது தெரிந்த அன்று செண்பகம் மகளைத் திட்டவில்லை, சாப்பிடவும் இல்லை.

மார்க் குறைந்த காரணம் கோமதிக்கும் பிரவுசிங் சென்டர் குணசீலனுக்கும் மட்டுமே தெரியும். அந்தத் தெருவில் யார் விண்ணப்பம் போட்டாலும் தட்டுவது குணசீலன்தான். தேர்வுக்குப் பதியும்போது, 'வினாத்தாள் மொழி' என்ற இடத்தை அவசரத்தில் பார்க்காமல் தாண்டிவிட்டார். கம்ப்யூட்டர் தானாகவே ஆங்கிலத்தைப் போட்டுக்கொண்டது. ஹால் டிக்கெட்டைப் பார்த்துப் பதறி கோமதி ஓடி வந்தபோது, திருத்தும் கெடு முடிந்திருந்தது. குணசீலன் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்.

"வெளிய தெரிஞ்சா ஒருத்தரும் இந்தப் படி ஏற மாட்டாங்க. அம்மாட்ட கூடச் சொல்லிராத தாயி" என்றார்.

அவளும் சரியென்று வாக்குக் கொடுத்தாள். பதினேழு வயதுப் பிள்ளை, பெரிய மனிதர் கெஞ்சும்போது வேறென்ன செய்வாள், பாவம்.

இப்போது மதுரையில் ஓர் அறிவியல் கல்லூரி. படிப்பும் விடுதியும் இலவசம். அதை விட்டால் கோமதிக்கும் தீப்பெட்டி ஆபீஸ்தான். இன்று மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் மூடிவிடும். அம்மாவும் மகளும் குணசீலன் கடையில் இருந்தார்கள். பதினேழாவது கட்டத்தில் இப்படி இருந்தது: 'நுழைவுத் தேர்வு மதிப்பெண் – விரும்பினால் மட்டும்'. மற்றக் கட்டங்களுக்குப் பக்கத்தில் இருந்த நட்சத்திரக் குறி இதற்கு இல்லை. கடைசியில், 'நட்சத்திரமிட்ட எதையும் மறைக்கவில்லை' என்று ஓர் உறுதிமொழி. அதற்குப் பெற்றோரின் கைப்பேசிக்கு வரும் ஓடிபியைச் சொல்ல வேண்டும்.

காலியாக விட்டுவிடலாம், அவர்களே விரும்பினால் என்றுதானே கேட்கிறார்கள் என்றார் குணசீலன்.

செண்பகம் கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அறுபத்தொண்ணுன்னே போடுங்க அண்ணாச்சி. எம் பிள்ளை வாங்குனதுதானே. ஒளிச்சு வாங்குற சீட்டு எங்களுக்கு வேண்டாம்."

கோமதிக்கு வேறு யோசனை. அறுபத்தொன்றையும் போட்டு, கீழே இருந்த 'விளக்கம்' என்ற கட்டத்தில் மொழி மாறிப்போனதையும் சேர்த்து எழுதிவிட்டால் என்ன? ஆனால் தட்டப்போவது குணசீலனின் விரல். வாக்குக் கொடுத்ததும் அவருக்கே. அவள் அவரைப் பார்த்தாள். அவர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி நாலு ஐம்பத்தாறு.

காலியாக விடச் சொன்ன குணசீலன், உள்ளதைப் போடச் சொன்ன செண்பகம், காரணத்தோடு எழுத நினைத்த கோமதி. இந்த மூவரில் யாருடைய வழி சரி?

விடை: குணசீலனுடையதுதான். நட்சத்திரமில்லாத கட்டத்தைக் காலியாக விட்டால் அதில் பொய் இல்லை. செண்பகத்தின் உறுதிமொழிக்கும் பழுதில்லை. அறுபத்தொன்றைப் போட்டால் சீட்டே போகலாம்; காரணத்தையும் எழுதினால் கொடுத்த வாக்கு போகும். ஆனால் அதைச் சொல்லத் தகுதியே இல்லாத ஒரே ஆளும் அவர்தான். அந்தக் கடையில் உண்மையிலேயே தன் தப்பை ஒளித்தவர் அவர் ஒருவரே; கடைசிவரை அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நட்சத்திரக் கணக்கைக் கோமதிதான் அம்மாவுக்குப் புரிய வைத்தாள். செண்பகம் மனமில்லாமல் ஓடிபியைச் சொன்னாள். கட்டம் காலியாகவே போனது. படியிறங்கும்போது, "காலேஜ்லயாவது ஒழுங்காப் படிம்மா" என்றாள். கோமதி சரியென்று தலையாட்டினாள்.